சுலோசனா எழுந்திருக்கவில்லை

'வனஜாம்மா, கண்ணத் தெறங்க, ஆபரேஷன் முடிஞ்சிருச்சு' என்று ஒரு பெண்குரல் சொல்கிறது. சரி என்று திறக்கிறேன். திறந்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் எதிரே ஒன்றும் வரவில்லை, இமைக்குள் இருக்கும் அந்தச் சிவந்த இருட்டுதான் இருக்கிறது. 'நல்லா மூச்சு இழுங்க பாப்போம்.' இழுக்கிறேன். மார்பு எழும்பவில்லை. கொஞ்சம் பொறுத்து அது தானாக எழும்புகிறது, நான் எழுப்பாமலே, யாரோ உள்ளே ஊதிவிட்ட மாதிரி, பிறகு தானாக இறங்குகிறது. தொண்டையில் ஒரு குழாய். அதைக் கடிக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை. கன்னத்தில் தட்டுகிறார்கள், தட்டுவது தெரிகிறது, எங்கோ ஒரு டிராலி உருள்வது கேட்கிறது, வெளியே ஒரு பஸ் ஹாரன் அடிப்பதுகூடக் கேட்கிறது, வாசனை மட்டும் எதுவும் இல்லை. மூச்சு மூக்கு வழியாக வராததால் இருக்கும். காப்பிப்பொடிக் கடைக்காரர் மகள் நான், கண்ணைக் கட்டிவிட்டாலும் மூக்கை வைத்தே செவ்வாய்ப்பேட்டையில் எந்தத் தெருவில் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவேன், எனக்கு இப்போது ஆஸ்பத்திரி வாசனைகூடத் தெரியவில்லை. காலையில் இந்தக் குரல்தான், டாக்டர் ஜெசிந்தா, மயக்க மருந்து கொடுக்கிறவள், எங்கள் மகள் சிந்துஜா வயதுகூட இருக்காது, என் தலைமாட்டில் குனிந்து, 'உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காமப் போயிருக்கா, தெளியறதுக்கு லேட்டாயிருக்கா?' என்று கேட்டாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தேன். மாமாதான் பதில் சொன்னார். 'அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்.' நானும் ஒன்றும் சொல்லவில்லை. குடல்வால் வலி ஒரு காரணம். இன்னொன்று, அக்காவின் நினைவே வரவில்லை. சுலோசனா அக்காவுக்கு மருந்து ஒத்துக்காமல் போனதாக எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் எழுந்திருக்கவில்லை என்றுதான் சொல்வார்கள்.

மணிக்கட்டில் எதையோ ஒட்டுகிறார்கள். சுரீரென்று ஒரு ஷாக். ஐயோ என்று கையை உதறுகிறேன், கை அப்படியே கிடக்கிறது. மறுபடி சுரீர். 'ஒரு விரல்கூட ஆடல பாருங்க சிஸ்டர்' என்கிறாள் ஜெசிந்தா. 'இன்னும் அந்த மருந்து அப்படியே இருக்கு. டியூபை எடுக்காதீங்க, மெஷின் ஓடட்டும்.' அவள் குரலில் ஏதோ மாறிவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தவள் குரல் மாதிரி. எனக்கு உள்ளே குப்பென்று ஒரு பயம் எழுகிறது, எழுந்து போவதற்கு இடமில்லாமல் அங்கேயே நின்று சுழல்கிறது. பயந்தால் ஓடலாம், கத்தலாம், பக்கத்தில் இருப்பவர் கையையாவது இறுக்கலாம். இப்படி ஒன்றும் செய்யமுடியாமல் ஒருத்தி பயப்பட முடியும் என்று எனக்குத் தெரியாது. மார்பு எழும்புகிறது, இறங்குகிறது. அந்த மெஷினை நிறுத்திவிட்டால்? செத்துவிட்டேன் என்று நினைத்து நிறுத்திவிட்டால்? நான் இருக்கிறேன், உள்ளே இருக்கிறேன் என்று சொல்ல ஒரு வழியாவது இருக்க வேண்டுமே. கால் கட்டைவிரல். கட்டைவிரலை நினை வனஜா. நினைக்கிறேன், அது யாருடைய கட்டைவிரலோ மாதிரி போர்வைக்குள் எங்கோ கிடக்கிறது. மூச்சை எண்ணாதே, எண்ணினால் அடுத்தது வராதோ என்று தோன்றும். வேறு ஏதாவது நினை. கடையை நினை. கடை என்றதும் வந்துவிட்டது, மூக்கு இல்லாமலேயே வந்துவிட்டது, நைனா, என் அப்பா, பீபரிக் காப்பிக்கொட்டையை வறுக்கிற வாசனை, முதலில் பச்சையாக, வைக்கோல் மாதிரி, அப்புறம் கொஞ்சம் புளிப்பாக, அப்புறம் திடீரென்று தெருவே திரும்பிப் பார்க்கிற அந்த வாசனை. அரைக்கிற மெஷின் ஓடும்போது மாடியில் எங்கள் கட்டில் லேசாக நடுங்கும். அக்காவும் நானும் ஒரே கட்டில். காப்பிக் கடைக்காரர் வீட்டில் பிறந்துவிட்டு அவளுக்குக் காப்பி ஆகாது. நான் படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் குடித்துவிட்டுக் கட்டை மாதிரித் தூங்குவேன், அவள் சாயங்காலம் ஒரு வாய் குடித்தாலும் விடிய விடிய முழித்திருப்பாள். 'உன் உடம்பு அதை அரைச்சுத் தூர எறிஞ்சிருது, என் உடம்பு வச்சுக் கொண்டாடுது' என்று சிரிப்பாள். முழித்திருக்கிற நாளெல்லாம் எனக்குக் கொண்டாட்டம். பேசிக்கொண்டே இருப்பாள். காலேஜில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள், எந்த லெக்சரர் எப்படி மூக்கை உறிஞ்சுவார், எல்லாம் நடித்துக் காட்டுவாள். வீட்டில் நாங்கள் தெலுங்கு பேசுவோம், அக்கா கதை சொல்வது மட்டும் தமிழில். சண்டையும் தமிழில்தான் போடுவாள், தமிழில் போட்டால்தான் உறைக்கிறது என்பாள்.

கடைசிச் சண்டையும் தமிழில்தான். அம்மாவோடு. பாண்டுரங்க மாமாவுக்கு, அம்மாவின் சொந்தத் தம்பிக்கு, அக்காவைக் கொடுப்பது என்று அவள் பிறந்தபோதே பேசியாகிவிட்டது. எங்களில் அது வழக்கம், அம்மாவும் தன் மாமனைக் கட்டிக்கொண்டவள்தான். அக்காவுக்கு டீச்சர் டிரெயினிங் படிக்கவேண்டும். 'மாமா நல்லவர்தான், நான் இல்லேங்கல. எனக்கு இப்ப வேண்டாம். வேண்டாம்னா விடமாட்டீங்களா?' என்று கூடத்தில் நின்று கத்தினாள். மாமா அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றின செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரமே அவளுக்கு வயிற்று வலி வந்தது, எனக்கு இப்போது வந்த அதே வலி, அதே பக்கம். ஒரு சின்ன நர்ஸிங் ஹோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வந்து சொன்னார்கள், அப்புறம் மூச்சு வரவில்லை என்றார்கள். அந்தக் காலத்தில் இந்த மாதிரி மெஷின் எங்கே இருந்தது. டாக்டரும் நர்ஸும் மாற்றி மாற்றி ஒரு ரப்பர் பையை அமுக்கினார்கள், கை சோர்ந்து போகிற வரைக்கும் அமுக்கினார்கள், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கும் புரியவில்லை. பொழுது சாய்வதற்குள் நெஞ்சு நின்றுவிட்டது. என்னை உள்ளே விடவில்லை. உள்ளே போய்விட்டு வந்த அம்மா, அவள் மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அந்தத் தண்ணீரிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. யார் முதலில் சொன்னது என்று தெரியாது, பெரியப்பாவோ, பக்கத்துக் கடைக்காரம்மாவோ. அவளுக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை, அதனால் எழுந்திருக்க இஷ்டமில்லை, எல்லோரிடமும் அழுது விடைபெற்றுக்கொண்டு போய்விட்டாள். மனசு விட்டுட்டா. டாக்டர் என்ன பண்ணுவார், அவ மனசு விட்டுட்டா. வருஷம் போகப் போக அது ஒரு சங்கதியாக உறைந்துவிட்டது. எனக்கும் அப்படித்தான். அவள்மேல் எனக்குக் கோபம்கூட உண்டு. கல்யாணம் வேண்டாம் சரி, நான் கூடவா வேண்டாம் என்று எத்தனை நாள் அந்தக் கட்டிலில் தனியாகப் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

கதவு திறக்கிறது. செருப்பில்லாத காலடி. அந்த நடையை எனக்குத் தெரியும், இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பது. மாமா. என் கணவர். அக்கா போன பிறகு பெரியவர்கள் என்னை அவருக்குக் கொடுத்தார்கள், அன்றிலிருந்து இன்றுவரை நான் மாமா என்றே கூப்பிடுகிறேன். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொள்கிறார். அவர் கை ஈரமாக இருக்கிறது. 'வனஜா, எழுந்திரும்மா.' குரல் உடைகிறது. 'நீயும் அப்படிப் பண்ணிராதே.' நீயும். அந்த 'உம்'மை எங்கே வைத்திருந்தார் இத்தனை வருஷமும்? ஜெசிந்தா பிடித்துக்கொண்டுவிட்டாள். 'நீயும்னா? வேற யாரு எழுந்திருக்கல?' மாமா என் கையை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். 'ஐயா, இது முக்கியம். காலையில கேட்டப்ப யாருமில்லன்னீங்களே.' அப்புறம் சொல்கிறார். திக்கித் திக்கிச் சொல்கிறார். என் அக்கா மக, பேரு சுலோசனா, இதே ஆபரேஷன், மெஷின் இல்லாத சின்ன நர்ஸிங் ஹோம், மருந்தால இல்ல டாக்டர், அவ மனசு சரியில்லாம இருந்தா, எழுந்திருக்க அவளுக்கு இஷ்டமில்ல. ஜெசிந்தா ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்கிறது. 'ஐயா, உக்காருங்க' என்கிறாள். 'குழாய் போடறதுக்காக உடம்புத் தசையைத் தளர்த்த ஒரு மருந்து குடுப்போம். சாதாரணமா சில நிமிஷத்துல அது போயிரும். நம்ம ரத்தத்துல அதை உடைச்சு ஒண்ணுமில்லாமப் பண்றதுக்குன்னே ஒரு என்சைம் இருக்கு. சில குடும்பத்துல பொறப்புலயே அது இருக்கறதில்ல. சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்ட குடும்பங்கள்ல கூடுதலாப் பாக்கறோம். அது இல்லேன்னு வேற எதுலயும் தெரியாது, நல்லாச் சாப்பிடுவாங்க, ஓடுவாங்க, பிள்ளை பெத்துக்குவாங்க. இந்த ஒரு மருந்து உள்ள போனாத்தான் தெரியும்.' 'அப்ப மருந்து வெளிய போகவே போகாதா?' 'போகும். தானாக் கொஞ்சம் கொஞ்சமாக் கரையும், சிறுநீர்ல கொஞ்சம் போகும். சாயங்காலம் வரைக்கும்கூட ஆகலாம். அதுவரைக்கும் மெஷின் மூச்சு விடும். பயப்படாதீங்க, இவங்க பொழைச்சுக்குவாங்க.' அப்புறம், மெதுவாக, 'மூச்சைப் பாத்துக்க மெஷின் இருந்திருந்தா அவங்களும் எழுந்திருப்பாங்க ஐயா. இதுல இஷ்டத்துக்கு வேலையே இல்ல.'

மாமா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. எனக்குக் காது அடைத்துப்போய்விட்டது. இஷ்டத்துக்கு வேலையே இல்ல. எனக்கு இஷ்டம் இருக்கிறது. எனக்கு இருக்கிற இஷ்டமெல்லாம் திரண்டு ஒரு விரல் நுனியில் வந்து நிற்கிறது, அந்த விரல் ஆடமாட்டேன் என்கிறது. அப்படியானால் அவளுக்கும். அவளும் இப்படித்தான் உள்ளே இருந்துகொண்டு, கண்ணைத் திறக்கிறேன் திறக்கிறேன் என்று. ரப்பர் பையை அமுக்குகிற கை மாறுவது அவளுக்குத் தெரிந்திருக்கும். அம்மா கத்தியது தெரிந்திருக்கும். வேண்டாம் இதை நினைக்காதே. நினைக்காமல் எங்கே போவது, எழுந்து அடுத்த அறைக்குப் போக முடியுமா, இங்கேதான் கிடக்க வேண்டும், அவளும் நானும். மறுபடியும் ஒரே கட்டில். அக்கா, அவள் கடைசியாக என்னிடம் என்ன சொன்னாள்? ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது ஏதோ சொன்னாள். இத்தனை வருஷமாக அது பெரிதாக ஏதோ ஒன்று என்று நினைத்து நான் தேடிக்கொண்டே இருந்தேன், என்னை மறக்காதே என்ற மாதிரி ஏதோ ஒன்று. தைக்க. தைக்கக் கொடுத்தது. 'டெய்லர் கிட்ட ஊதா ஜாக்கெட் இருக்கு, வாங்கி வச்சிரு, இந்தத் தடவையும் கையை இறுக்கமா வச்சிருந்தான்னா திருப்பிக் குடுத்துரு.' அவ்வளவுதான். இவ்வளவு சின்ன விஷயம் என்பதால்தான் கிடைக்காமல் இருந்திருக்கிறது. நான் அந்த ஜாக்கெட்டை வாங்கப் போகவே இல்லை. எழுந்திருக்க மாட்டேன் என்று முடிவு பண்ணினவளா ஜாக்கெட்டின் கை இறுக்கத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவாள்? அக்கா. அக்கா. காதோரம் சூடாக ஏதோ இறங்குகிறது. கண்ணிலிருந்து வருகிறது. நான் அழுகிறேன், அழுவதற்கு முகம் கோணவில்லை, தொண்டை அடைக்கவில்லை, தண்ணீர் மட்டும் அதுபாட்டுக்கு வருகிறது. 'டாக்டர், இங்க பாருங்க' என்கிறாள் நர்ஸ். 'கண்ணுல தண்ணி.' ஜெசிந்தா ஓடி வருகிற சத்தம். என் காதருகே அவள் வாய். 'வனஜாம்மா, நீங்க முழிச்சிருக்கீங்க. நான் பேசறது உங்களுக்குக் கேக்குது. எனக்குத் தெரியுது. பயப்படாதீங்க, உங்களைத் தனியா விடமாட்டோம். தூங்கறதுக்கு மருந்து போடறேன், எழுந்திருக்கறப்ப எல்லாம் சரியாயிருக்கும்.' என் நெற்றியில் கையை வைத்துக்கொள்கிறாள். எனக்குத் தெரியுது என்று ஒருத்தி சொல்வது எவ்வளவு பெரிய விஷயம். அக்காவுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

கையில் குளிர்ச்சியாக ஏறுகிறது. பயம் கரை ஒதுங்குகிறது. கடையின் மாடி, ஜன்னலில் வெயில், அக்கா தலை பின்னிவிடுகிறாள், இழுத்துப் பின்னுகிறாள், வலிக்குதுக்கா என்கிறேன், வலிச்சாத்தான் அழகு என்கிறாள், இல்லை அது சிந்துஜா தலை, பின்னுவது நான். மாமா கல்யாணத்துக்கு முந்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, 'உனக்கு இஷ்டமா? இல்லேன்னா இப்பவே சொல்லிரு, நானே வேண்டாம்னு சொல்லிர்றேன், உன் பேரு வெளிய வராது' என்றார். எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது, சின்ன வயதிலிருந்தே பிடிக்கும், ஏற்காட்டுக்குக் காப்பிக்கொட்டை வாங்கப் போகும்போது எங்கள் இரண்டு பேரையும் வேனில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் 'பிடிச்சுக்கோ' என்பார். இஷ்டம்தான் என்றேன். அப்புறமும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. இந்தப் புடவை இஷ்டமா, இந்தப் பள்ளிக்கூடம் இஷ்டமா, தக்காளி ரசம் வைக்கட்டுமா இஷ்டமா. எரிச்சலாக வரும். 'எதையாவது நீங்களா முடிவு பண்ணுங்க மாமா' என்று கத்தியிருக்கிறேன். மத்தியானம் நான் கொஞ்சம் அசந்து தூங்கிவிட்டால் போதும், பாதத்தைத் தொட்டுத் தொட்டு எழுப்புவார், ஒன்றும் வேண்டாம் சும்மாதான் என்பார். எதற்கு எழுப்பினார் என்று எனக்கு ஒரு நாளும் புரிந்ததில்லை. சாப்பிட்டது கரைந்து போகிறது, போட்ட மாத்திரை கரைந்து போகிறது, சண்டை போட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் சாயங்காலத்துக்குள் அதுவும் கரைந்து போகிறது, இந்த மனிதருக்குள் ஒன்று மட்டும் அக்கா போன நாளிலிருந்து அப்படியே கிடக்கிறது, ஒரு துளி குறையாமல், அதை வைத்துக்கொண்டு அவர் காப்பிப்பொடி நிறுத்தார், பெண்ணைப் படிக்கவைத்தார், என் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவளுக்கு அவரைக் கட்டிக்கொள்வதைவிடச் சாவது மேல் என்று தோன்றிவிட்டது என்ற அந்த நினைப்பு. சொல்லவேண்டும். எழுந்ததும் சொல்லவேண்டும். வண்டி வளைவில் திரும்புகிறது, பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கறேன் மாமா, ஜன்னலெல்லாம் மிளகுக்கொடி, அக்கா தலையை வெளியே நீட்டிப் பாடுகிறாள், மழை வாசனை வருகிறது, தூரத்தில் எங்கேயோ.

மணிக்கட்டில் சுரீர். 'ஆடுது!' என்கிறாள் ஜெசிந்தா. 'சிஸ்டர், கட்டைவிரல் ஆடுது பாருங்க.' இன்னொரு சுரீர். எனக்கே தெரிகிறது, என் விரல் என்னிடம் திரும்பி வந்திருக்கிறது, லேசாக, வெட்கப்பட்டுக்கொண்டு வருகிற மாதிரி. அப்புறம் இமை. ஒரு கீற்று வெளிச்சம், மஞ்சளாக. ஜன்னலில் சாயங்கால வெயில். மூச்சை நான் இழுப்பதற்கும் மெஷின் ஊதுவதற்கும் கொஞ்ச நேரம் சண்டை நடக்கிறது, அப்புறம் மெஷின் விட்டுக்கொடுக்கிறது. 'தலையத் தூக்குங்க வனஜாம்மா. இன்னும். கொஞ்ச நேரம் அப்படியே வைங்க. சூப்பர்.' வாயில் எதையோ விட்டு உறிஞ்சுகிறார்கள், குழாயை உருவுகிறார்கள், இருமல், வாந்தி வருகிற மாதிரி ஒரு குமட்டல், பிறகு என் மூக்கு வழியாக என்னுடைய காற்று. டெட்டால். ஸ்பிரிட். பினாயில். பக்கத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன டீ. எவ்வளவு மோசமான டீ, எவ்வளவு நல்ல வாசனை. 'ரத்தம் டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம். உங்க பொண்ணுக்கும் பாத்திரணும், சரியா? இனிமே எங்க ஆபரேஷன்னாலும் முதல்ல இதைச் சொல்லணும்' என்கிறாள் ஜெசிந்தா. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. நான் அவள் கையைப் பிடிக்கிறேன். பிடிக்க முடிகிறது.

மாமாவை விட்டார்கள். ஒரு மத்தியானத்தில் கிழவராகிவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என்னையே பார்க்கிறார். 'தண்ணி இப்பக் குடுக்கக்கூடாதாம்' என்கிறார். 'நனைச்சு உதட்டுல வைக்கட்டுமா, இஷ்டமா?' சிரிப்பு வருகிறது, தையல் போட்ட இடம் வலிக்கிறது. தொண்டை புண்ணாகிவிட்டது, குரல் வரவில்லை, காற்றுதான் வருகிறது. 'மாமா.' 'பேசாதே, அப்புறம் பேசலாம்.' 'அக்கா எழுந்திருக்கத்தான் பாத்தா மாமா.' அவர் முகம் அப்படியே நிற்கிறது. 'நான் உள்ள இருந்து பாத்துட்டேன். எழுந்திருக்கப் பாத்தா. முடியல.' அவளுக்கு உங்களைப் பிடித்திருந்தது என்று நான் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியாது, அவள் உங்களை வேண்டாம் என்று சொன்னது உண்மைதான். உயிரை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அதை மட்டும்தான் சொன்னேன், ஒவ்வொரு வார்த்தையாக, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு. மாமா ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு கேட்டார், 'அப்ப, வெளிய இருக்கறவங்க பேசறது கேக்குமா?' கேட்கும் என்றேன். எனக்கு எல்லாமே கேட்டது, நீங்கள் டாக்டரிடம் சொன்னது, 'நீயும்' என்றது, எல்லாமே. அவர் என் பக்கம் குனிந்தார். 'அன்னிக்கு என்னைக் கொஞ்ச நேரம் உள்ள விட்டாங்க. அவ காதுகிட்டப் போய், சுலோ, உனக்கு வேண்டாம்னா வேண்டாம், நான் அக்காகிட்ட சொல்லிர்றேன், நீ டீச்சர் டிரெயினிங் போ, எழுந்திரு போதும்னு சொன்னேன். அதுக்கப்புறந்தான் கண்ணுல தண்ணி வந்துச்சு. உங்கம்மா பாத்தா. நான் என்ன சொன்னேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. அவ அதையும் கேக்காமப் போயிட்டான்னு நெனச்சேன்.' 'கேட்டுது மாமா' என்றேன். 'அவளுக்குக் கேட்டுது.' ஸ்டூலிலிருந்து எழுந்தார். எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். பிறகு வந்து என் கால்மாட்டில், கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நர்ஸ் திரும்பிப் பார்த்து, 'ஐயா, பேஷண்ட் பெட்டுல உக்காரக்கூடாது, எந்திரிங்க' என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. நான் விரலை அசைத்து அவளிடம் இருக்கட்டும் என்று காட்டினேன்.